கமாரோவின் அழுக்கு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வாடகை வீட்டைப் பார்வையிட ஏஜென்ட் பெண் வருவாள். இன்ஸ்பெக்ஷன் நாளைக் கடிதத்தில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்தக் கடிதம் வந்த நிமிடத்திலிருந்து என் கணவர் கதிர்காமநாதன் வேறு ஆளாகிவிடுவார். அடுப்பின் உட்புறத்தைக் கத்தியால் சுரண்டுவார். குளியலறை ஓடுகளின் இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். தபால்பெட்டியின் உட்புறத்தை அவர் சவர்க்காரம் போட்டுக் கழுவியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவள் வருவாள். சப்பாத்தைக் கழற்றாமல் அறை அறையாகத் தலையை நீட்டிப் பார்ப்பாள். 'மிகத் துப்புரவு' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தத் தாளை அவர் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவார். பழையதை எடுத்து எறியமாட்டார். புதியது அதன் மேலேயே போகும்.

பக்கத்து வீட்டையும் அதே பெண்தான் பார்த்துக்கொண்டாள். அங்கே இருந்தவன் வாசலில் உடைந்த சோபாவையும் பியர்ப் போத்தல்களையும் போட்டு வைத்திருந்தான். அவனுக்கு அவள் என்ன எழுதிக் கொடுக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில் மவுண்ட் ரோஸ்கில் என்ற பகுதியில் இருந்தோம். அவருக்குப் பென்ரோஸில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். அதை இங்கே யாரும் கேட்கவில்லை, அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் யாருடனும் கதைக்க முடியாது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மிச்ச நேரத்தில் நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்து வாசிப்பேன். அந்த வீட்டில் கதவு பூட்டி இருக்கக்கூடிய இடம் குளியலறை மட்டும்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, குளிர் தொடங்கும்போது, அவரும் நூலகத்திலிருந்து கொண்டுவரத் தொடங்கினார். கார்ச் சஞ்சிகைகள். மேசையின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பேசாமல் இருந்தது அப்போதுதான். அவரைப் பற்றி நல்லவிதமாக நினைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அவர் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னது இதுதான். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் கமாரோ என்றொரு கார் செய்தார்கள். அதில் ஸீ-28 என்ற வகை ஓட்டப்பந்தயத்துக்கென்றே குறைவாகச் செய்யப்பட்டது. வீதியில் காண்கிறவற்றில் முக்கால்வாசி போலி. சாதாரணக் கமாரோவை வாங்கி, கோடு போட்டு, சின்னம் ஒட்டி, ஸீ-28 என்று ஏமாற்றி விற்றுவிடுவார்கள். அசல் ஒன்று ஹெண்டர்சனில் ஒரு கிழவனின் கராஜில் கிடக்கிறது. அவனுக்கு அதன் மதிப்புத் தெரியாது. ரெமுவெராவில் ஒரு வழக்கறிஞர் அப்படியான கார்களைச் சேர்க்கிறார். அசல் என்று அத்தாட்சி கிடைத்தால் கேட்ட விலை கொடுப்பார். அவர் என் கணவருடைய தொழிற்சாலை முதலாளியின் நண்பர். கிழவனிடம் வாங்கி வழக்கறிஞரிடம் விற்றால் நடுவில் வருவது எங்களுக்கு ஒரு வீடு.

"ராணி, உமக்கு இது விளங்காது. ஆனா உந்த மவுண்ட் ஆல்பர்ட் வீட்டை நினைச்சுப் பாரும்."

அவர் எதைச் சொன்னால் நான் பேசாமல் இருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு இருந்த வீடொன்றைப் பார்க்கப் போயிருந்தோம். ரயில் நிலையத்துக்குக் கிட்ட, பழைய மரவீடு. முன்பக்கம் ஒரு அழகுமில்லை. பின்பக்கம் ஒரு சிறிய அறை. யன்னலுக்கு வெளியே பீஜோவா என்ற ஒரு பழமரம். நான் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே அவர் ஏஜென்டிடம் கூரைத் தகரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு தடிப்பான மரம், ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் சேமிப்பு முழுவதையும் அந்தக் காரில் போடுவதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அந்த அறைக்காகத்தான்.

ஹெண்டர்சன் கிழவனின் பெயர் கிளைவ். தகரக் கொட்டகை, நாய் மூத்திர மணம், கோழிகள். நாங்கள் போனபோது அவன் காற்சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே வந்து என் கணவரை 'நேதன்' என்று கூப்பிட்டான். நாதன் என்று சொல்லிக்கொடுத்தும் நேதன்தான். இவருக்கு அது பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியில் அந்தப் பெயரைத் தனக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

தார்ப்பாயை இழுத்ததும் காரைவிடத் தூசிதான் முதலில் தெரிந்தது. கடும் பச்சை, நடுவில் இரண்டு வெள்ளைக் கோடுகள். கிளைவ் முந்தி அமெரிக்காவில் வேலை செய்து, திரும்பி வரும்போது கப்பலில் கொண்டுவந்தானாம். ஸ்டியரிங் இடப்பக்கம். என் கணவர் டோர்ச்சோடு எஞ்சினுக்குள் தலையைப் புகுத்தினார். எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு சப்பட்டை இடம், தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதில் ஓர் இலக்கம் அடித்திருக்கும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தகட்டிலும் இலக்கம் இருக்கும். இரண்டின் கடைசிப் பகுதியும் ஒன்றாக இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்த எஞ்சின். அந்த வருடத்துக் கமாரோவில் தகட்டு இலக்கத்தை வைத்து ஸீ-28தானா என்று சொல்ல முடியாது, எஞ்சினை வைத்துத்தான் சொல்லலாம். இதையெல்லாம் அவர் பல நாளாக எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்.

நான் முன்கண்ணாடிக்கு வெளியே நின்று தகட்டின் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் எண்ணெய்ப் படிவுக்கும் துருவுக்கும் நடுவே விரலை வைத்துத் தடவித் தடவி, நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். கோயிலில் ஐயர் சொல்லச் சங்கற்பம் சொல்வதுபோல இருந்தது. கடைசி இலக்கமும் பொருந்தியபோது அவர் தலையை வெளியே எடுத்தார். நெற்றி முழுக்கக் கறுப்பு எண்ணெய். கண்கள் கலங்கியிருந்தன. இந்த மனிதர் எதற்காகவும் கண் கலங்கி நான் கண்டதில்லை.

கிளைவ் சிரித்துவிட்டு, காரைக் காட்டி ஒரே ஒரு புத்தி சொன்னான்.

"அவளை அழுக்காகவே விடு. கை வைக்காதே."

இரண்டாந்தரமும் சொன்னான். தாளில் கையெழுத்து வைக்கும்போது.

வரும் வழியில் என் கணவர் தோளைக் குலுக்கினார். "பாத்தீரே, சோம்பேறித்தனத்துக்கு ஒரு கதை. உவங்களுக்கு ஒரு சாமானைத் துப்புரவா வைச்சிருக்கத் தெரியாது." எனக்கும் அந்தக் கொட்டகையின் மணம் இன்னும் மூக்கில் இருந்தது.

கார் வீட்டுக்கு வந்த நாளன்று சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். மவுண்ட் ஆல்பர்ட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் குணரத்தினம் பார்க்க வந்தார். அவர் ஊரில் எஞ்சினியர், இங்கேயும் எஞ்சினியர், அதை மறக்க யாரையும் விடமாட்டார். சுற்றிவர நடந்து பார்த்துவிட்டு, "மச்சான், ஸ்டியரிங் பிழையான பக்கத்திலை கிடக்கு. கொண்டுபோய்க் குடுத்திட்டு மாத்தி வாங்கு" என்றார். என் கணவர் சிரிக்காமல் அவருக்கு எஞ்சின் இலக்கத்தை விளங்கப்படுத்தத் தொடங்கினார். குணரத்தினம் தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனார். சொந்த வீடு உள்ளவர்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணீரை முழுவதும் குடிப்பதில்லை.

அந்தக் கிழமையே வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கார்ச் சங்கமொன்றின் நிபுணர், லெஸ்டர் என்பவர், திங்கட்கிழமை ஹமில்டனிலிருந்து வந்து காரைப் பார்ப்பார். அவர் எழுதிக் கொடுப்பதை வழக்கறிஞர் அப்படியே ஏற்றுக்கொள்வார். என் கணவர் யெஸ் யெஸ், ஓம் ஓம் என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

"இன்ஸ்பெக்ஷனுக்கு வாறாராம்" என்றார்.

அந்தச் சொல்லுக்கு அவருடைய முகத்தில் வருகிற மாற்றம் எனக்குப் பழக்கம். அடுப்பைச் சுரண்டும் கத்தியைத் தேடும் முகம்.

சனிக்கிழமை முழுவதும் அவர் கராஜில் இருந்தார். சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். மண்ணெண்ணெய் மணம் வந்தது. பிறகு தேய்க்கிற சத்தம். சரக், சரக் என்று ஒரே அளவாக, விடாமல், மத்தியானம் தாண்டியும். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு முழுப் புத்தகத்தை வாசித்து முடித்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒரு சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது பெரிய விஷயம்.

பின்னேரம் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் புதிதாகச் செம்மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. அந்தச் சப்பட்டை இடம் எவர்சில்வர் கோப்பைபோல மின்னியது. எமரி பேப்பரை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தாராம், அப்போதுதான் சமமாக வருமாம். இலக்கங்கள் மெல்லியதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"இனி அந்தாள் கஷ்டப்பட்டு வாசிக்கத் தேவையில்லை" என்றார்.

நான் தலையாட்டினேன். அழுக்குப் போனது உண்மைதான்.

லெஸ்டர் வந்தார். உயரமான, மெலிந்த, வாயைத் திறக்க விரும்பாத மனிதர். வந்ததும் கையைக்கூடக் கொடுக்காமல் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவரை எனக்குப் பிடித்தது. என் கணவர் பின்னாலேயே போய், கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். லெஸ்டர் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே படுத்து அச்சையும் பிரேக்கையும் பார்த்தார். எழும்பும் ஒவ்வொரு தடவையும் மெல்லத் தலையாட்டினார். கடைசியில், இதுவரை பார்த்த எல்லாம் சரி, இந்த நாட்டில் இப்படியொன்றைத் தான் அதிகம் கண்டதில்லை என்றார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பீஜோவா மரத்தை நினைத்தேன். இப்போது காய்த்திருக்கும்.

பிறகு அவர் டோர்ச்சையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தார்.

அவர் பேசாமல் இருந்தார். மௌனத்தில் பல விதம் உண்டு. வாசிக்கிறவனின் மௌனம், களைத்தவனின் மௌனம், சொல்ல வந்ததை விழுங்கியவனின் மௌனம். இது அவற்றில் ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில் வைத்தியர் ஒரு கட்டிலின் பக்கத்தில் நின்று நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வருவது. அவர் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். சந்தனம் விரலில் ஒட்டியது. அது என்னவென்று கேட்காமல் காற்சட்டையில் துடைத்தார்.

இதில் கை வைத்தது யார் என்று கேட்டார்.

என் கணவருக்குக் கேள்வி விளங்கவில்லை. லெஸ்டர் விளங்கப்படுத்தினார். இலக்கம் அடிக்க முன்பு தொழிற்சாலையில் அந்த இடத்தை ஒரு கருவியால் சீவுவார்கள். அந்தச் சீவலில் மயிரிழை போன்ற கோடுகள் வரிசையாக விழும். இலக்கம் அந்தக் கோடுகளின் மேல் அடிக்கப்பட்டிருக்கும். போலி செய்கிறவன் என்ன செய்வான்? வேறொரு எஞ்சினைக் கொண்டுவந்து, பழைய இலக்கத்தைத் தேய்த்து எடுத்து, வேண்டிய இலக்கத்தைப் புதிதாக அடிப்பான். இலக்கத்தை எவனும் அடிக்கலாம். கோடுகளை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் தன்னைப் போன்றவர்கள் இலக்கத்தைப் பார்ப்பதில்லை, கோடுகளைத்தான் பார்ப்பார்கள். துருவும் எண்ணெயும் அந்தக் கோடுகளுக்குப் போர்வை மாதிரி. இங்கே ஒரு கோடும் இல்லை. எமரி பேப்பர் போட்ட கீறல் மட்டும் இருக்கிறது.

ஒரு நாளைக்கு இவ்வளவு பேசுகிற மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவர் காத்துக்கொண்டிருந்தார்.

என் கணவரின் முகத்தை நான் பார்த்தேன். அவர் மூளை எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். முதலில் விளங்கியது. பிறகு பயம் வந்தது. அதன்பிறகு, அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்த எதையோ கண்டதுபோல, ஒரு வழி தெரிந்தது.

தான் வாங்கும்போதே அது இப்படித்தான் இருந்தது என்றார். ஹெண்டர்சனில் கிளைவ் என்ற ஆள் விற்றான் என்றார். முகவரியையும் சொன்னார்.

லெஸ்டர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் உங்களை ஏமாற்றிவிட்டான், இப்படியான ஆட்களின் பெயர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியவேண்டும், தானே எழுதித் தருகிறேன், அந்தத் தாளோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, பேனையை எடுத்துக் கிளைவின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார்.

என் கணவர் என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னார்.

"நீர் ஒண்டும் கதையாதையும். காசு முழுக்கத் திரும்பி வரும். வீடு எங்கையும் போகாது."

அவர் சொன்னது சரி. வழக்கறிஞருடைய கடிதத்தைக் கண்டால் கிழவன் கொடுத்துவிடுவான். காசு கையில் இருந்தால், கொஞ்சம் கடன் பட்டாவது அந்த அறையை வாங்கலாம். கிளைவ் மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. அவன் மணத்தான், அவன் என்னை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த அறைக்குள் நான் போய் உட்காருவதாக நினைத்துப் பார்த்தேன். கதவைச் சாத்தினேன். பீஜோவா மரம் நின்றது. தடிப்பான அந்தக் கதவைத் தாண்டி ஒரு சத்தம் வந்தது. சரக், சரக்.

"அவர்தான் தேய்த்தார்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "சனிக்கிழமை. எமரி பேப்பரால். வாங்கும்போது துருவும் எண்ணெயும் இருந்தது. நான் அங்கே நின்றேன். அந்த மனிதர் கை வைக்காதே என்று இரண்டு தரம் சொன்னார்."

லெஸ்டர் பேனையை நிறுத்தினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதற்காக ஒருவர் அப்படிச் செய்யவேண்டும்?"

அதை அவர் என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது என் கணவர். தலையைக் குனிந்துகொண்டு, உடைந்த ஆங்கிலத்தில்:

"நீங்கள் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறீர்கள் என்று."

லெஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார். கராஜைச் சுற்றிப் பார்த்தார். கழுவி உலரவிட்டிருந்த சீமெந்துத் தரை, வரிசையாகத் தொங்கிய கருவிகள், மடித்து வைத்த பழந்துணிகள். அவருக்கு விளங்கிவிட்டது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

உங்களை நம்புகிறேன் என்றார். கார் அசலாகத்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னார். ஆனால் நம்புவதை எழுத முடியாது. போலி செய்கிற ஒவ்வொருவனும் துப்புரவாக்கினேன் என்றுதான் சொல்வான். கிளைவின் பெயரை எழுதத் தொடங்கியிருந்த தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டார். போகும்போது என்னிடம் மட்டும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குத் தேவையாக இருக்கவில்லை.

அன்றைக்கு என் கணவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சாப்பிடும்போது ஒருமுறை, "உமக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டார். நான் என் கோப்பையை மட்டும் எடுத்துக் கழுவினேன். பிறகு பல கிழமைகள் இருவரும் பேசவில்லை. மேசையின் மறுமுனையில் சஞ்சிகைகள் இல்லை.

வழக்கறிஞரின் அலுவலகம் இரண்டு வரியில் மறுத்து எழுதியது. மவுண்ட் ஆல்பர்ட் வீட்டின் முன்னால் 'விற்கப்பட்டது' என்ற பலகை ஏறியதை நான் பஸ்ஸிலிருந்து கண்டேன். அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அநேகமாகத் தையல் மெஷின் ஒன்று இருக்கும். காரை அசல் என்று வாங்க ஆளில்லை. போலி என்று வரும் விலைக்கு விற்க அவருக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளியே எடுத்து மரக்கறிக் கடைக்கு ஓட்டிப்போவார். நான் வலப்பக்கத்தில், சாரதி இருக்கவேண்டிய இடத்தில், முன்னால் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பையன்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அவர் பார்க்காததுபோல் இருப்பார்.

அடுத்த இன்ஸ்பெக்ஷன் கடிதம் வந்தது. அவர் வாசித்து மேசையில் வைத்தார். நான் கத்திச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. கிழமை முழுவதும் வரவில்லை. அடுப்புக்குள்ளே கறி வழிந்து காய்ந்திருந்தது. குளியலறை யன்னலில் கறுப்புப் பூஞ்சணம். நானும் துடைக்கவில்லை. அவருக்காக ஒரு துணியை எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ஏஜென்ட் பெண் வந்தாள். சப்பாத்தோடு நடந்தாள். அறை அறையாகத் தலையை நீட்டினாள். அடுப்பைத் திறந்து பார்க்கவில்லை. அவள் ஒருநாளும் அடுப்பைத் திறந்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கராஜில் காரைக் கண்டு நின்றாள். தன் தகப்பனிடம் இப்படியொன்று இருந்தது, ஆனால் அது போலி என்றாள். இது அசலா என்று கேட்டாள்.

"அசல்" என்றார் என் கணவர்.

அவள் சிரித்துக்கொண்டே எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் வாசலில் நின்றபடியே அதை வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

'மிகத் துப்புரவு.'

நான் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, என் புத்தகத்தை விட்ட பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.